தில்லை தந்த இசைக் கருவூலம்

தில்லைத் திருக்கோயிலில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளுள் கறையான் அரித்தவை போக, எஞ்சியவற்றையே இராசராச சோழனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டனர் எனத் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது.

அத்தில்லையை அடுத்தே, ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. இசை பயிலத் தனிக் கல்லூரியும் அங்கு அமைந்தது. 1940-களில் அப்பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களைச் சுரதாளக் குறிப்புடன் நூல்களாக வெளியிட்டது. செவிவழி வந்த இசை ஏட்டிலும் நிலைபெற்றது.

மலாக்காத் தோட்டக் கோயில்களில் நம் முன்னோர் பாடிய பதிகங்களின் மெட்டுகள் பலவும், பாடிய முதியோரின் நினைவில் மட்டுமே வாழ்கின்றன. அவர்கள் இருக்கும்போதே அவற்றை ஒலிப்பதிவு செய்து, திருமுறை நூல்களுடன் நம் ஆலயத்தில் பேணுவோமாக. பூட்டி வைப்பதற்கன்று, நம் பிள்ளைகள் எடுத்துப் பாடுவதற்கே.