தொலைந்த சேலைக்குப் பதினைந்து சதவீதம்

தஞ்சாவூர் மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் 1905-இல் மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் கிரந்த எழுத்தில் அமைந்த ஓர் ஓலைச்சுவடியைக் கொடுத்துவிட்டுப் போனார். நூலகர் ஆர். சாமசாஸ்திரி பிரித்துப் படித்தார். மற்ற நூல்களின் மேற்கோள்கள் வழியாகவே தெரிந்திருந்த கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் முழுதாக அவர் கையில் இருந்தது. 1909-இல் அது அச்சேறியது. அந்த நூலைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒற்றர், கோட்டை, வரி, போர் என்றுதான் பேசுவார்கள். நான்காம் அதிகரணத்தின் தொடக்கத்திலேயே சலவைத் தொழிலாளிக்கென்று விதிகள் வரிசையாக இருப்பதை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.

மரப்பலகையிலோ வழவழப்பான கல்லிலோதான் துவைக்க வேண்டும். வேறெங்கோ அடித்துத் துவைத்துத் துணி கெட்டால், கெட்ட அளவுக்கு ஈடு கொடுப்பதோடு 6 பணம் அபராதமும் உண்டு. வாடிக்கையாளரின் துணியை விற்றாலோ, அடகு வைத்தாலோ, வாடகைக்கு விட்டாலோ 12 பணம். ஒருவர் துணியை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தால் துணியின் விலையைப்போல் இரண்டு மடங்கு அபராதம், துணியையும் திருப்பித் தர வேண்டும். தவணை கூட உண்டு: வெறும் வெளுப்புக்கு ஓர் இரவிலிருந்து சில இரவுகள், சாயத் துணிக்கு அதைவிடக் கூடுதல். தவணை தப்பினால் கூலி போயிற்று. மனுஸ்மிருதியும் தன் பங்குக்கு இலவ மரப் பலகையில் மெதுவாகத் துவைக்கச் சொல்கிறது. ஒருவர் உடையை மற்றவருக்குக் கொடுக்காதே, பிறரை உடுத்த விடாதே என்றும் எச்சரிக்கிறது.

இத்தனை விதிகள் எழுத வேண்டி வந்ததென்றால் இத்தனை சண்டைகளும் நடந்திருக்க வேண்டும். ஆனால் சட்டம் எழுதியவர்கள் துணி போட்டவர்கள். துவைத்தவர்கள் யாரும் சட்டம் எழுதவில்லை. இதையும் சேர்த்தே இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

காவிரிப் படுகையில் இந்தத் தொழில் கல்லிலும் செப்பிலும் பதிந்திருக்கிறது. நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை விட்டுக்கொடுத்ததைச் சொல்லும் பெரிய லெய்டன் செப்பேட்டில், ஊரிலிருந்து வர வேண்டிய வருவாய்களின் பட்டியலில் தறிப்புடவை, தட்டார்ப்பாட்டம் முதலியவற்றோடு வண்ணாரப்பாறை என்பதும் ஒன்று. துவைக்கும் கல்லுக்கே வரி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கோயில் பணியாளர் வரிசையில் ஈரங்கொல்லிகள், அதாவது வண்ணார்கள், இருக்கிறார்கள்; ஊர்களின் எல்லைக் கணக்கில் வண்ணாரச்சேரி தனியாக நிற்கிறது.

சேக்கிழார் சொல்லும் திருக்குறிப்புத் தொண்டர் கதையும் இந்தத் தொழிலின் பொறுப்பைப் பற்றியதுதான். காஞ்சிபுரத்தில் ஒரு கிழவரின் கந்தையை வாங்கி, பொழுது சாய்வதற்குள் வெளுத்துத் தருவதாக ஏற்றுக்கொள்கிறார். மழை பிடித்துக்கொண்டது, துணி காயவில்லை. சொன்ன சொல் தவறியதற்காகத் துவைக்கும் கல்லிலேயே தலையை மோதிக்கொள்கிறார். கிழவராக வந்த சிவன் தடுத்தாட்கொள்கிறார். துணி தொலையக்கூட இல்லை, தாமதம்தான்! அதற்கு உயிரை ஈடாக வைத்தவரை நாயன்மாராக்கிக் கொண்டாடிய ஊர்தான், அதே தொழிலைச் செய்தவரைத் தெருவுக்கு வெளியே நிறுத்தியும் வைத்தது.

இதே படுகையில், தஞ்சாவூர் மாவட்டத்து அதிராம்பட்டினத்துக்கு வருவோம். கல்லணைக் கால்வாய் பாயும் பட்டுக்கோட்டைப் பக்கத்து வயல்கள் முடிந்து உப்பளமும் கடலும் தொடங்கும் ஓரத்தில் இருக்கும் ஊர் இது. கப்பல் வணிகத்திலும் மலேயா, சிங்கப்பூர் பயணங்களிலும் வளர்ந்த முஸ்லிம்கள் நிறைந்த ஊர். ஆண்களுக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி அல்லது கைலி. முந்திய தலைமுறைப் பெண்கள் வெளியே கிளம்பினால் வெள்ளைத் துப்பட்டி. பெருநாள் நெருங்கும்போது வெள்ளாவிப் பானைக்கு மேல் அடுக்கிய மூட்டையில் எல்லாமே வெள்ளை. எது யாருடையது?

விடை சேங்கொட்டையில் இருந்தது. அந்தக் கொட்டையின் சாற்றைத் தொட்டுத் துணியின் ஓரத்தில் ஒரு புள்ளி, ஒரு கோடு, ஒரு பிறை வைத்துச் சுண்ணாம்பு தடவினால் கறுத்துவிடும். பிறகு எத்தனை வெள்ளாவி வைத்தாலும் போகாது. வீட்டுக்கு ஒரு குறி. எழுத்தறியாத ஏகாலியின் மனதில் ஊரின் மொத்தப் பேரேடும் இருந்தது. பிரிட்டிஷ் காலத்துக் காவல்துறை இந்தக் குறியைக் கொண்டு அடையாளம் தெரியாத பிணங்களுக்குப் பெயர் கண்டுபிடித்தது. திருட்டுத் துணியின் சொந்தக்காரரையும் கண்டுபிடித்தது. ரசீது என்ற காகிதம் வருவதற்கு முன் ரசீது துணியிலேயே இருந்தது.

அப்படியும் தொலையும். படுகை ஊர்களில் துவைத்தவருக்குக் கூலி அன்றன்று பணமாகக் கிடைக்கவில்லை. களத்து மேட்டில் அளக்கும் நெல்லாகவும், பொழுது சாய்ந்தால் வீடு வீடாக வாங்கும் சோறாகவும் கிடைத்தது. ஆகவே தகராறும் அந்தக் கணக்குக்குள்ளேயே முடிந்தது. துணி கிடைக்காவிட்டால் வாசலில் வசவு, பஞ்சாயத்து, அறுப்பின்போது களத்தில் ஒரு பிடித்தம். இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பூப்பெய்திய பெண்ணுக்கு மாற்றுச் சேலை கொண்டுவருவதும், சாவு ஊர்வலத்தில் நடைபாவாடை விரிப்பதும் வண்ணார் கடமையாகவே இருந்தன. அந்தத் துணிகள் எங்கிருந்து வந்தன? பல சமயம் வெளுப்புக்கு வந்த மூட்டையிலிருந்துதான். ஊர் கேட்டு வாங்கிய சேவை அது. அர்த்தசாஸ்திரம் 12 பணம் அபராதம் விதித்த குற்றமும் அதுவே.

இப்படி இருந்த ஊர்களுக்குள் டிரை கிளீனிங் பிந்தித்தான் வந்தது. தண்ணீர் படாமல் அழுக்கெடுக்கும் முறைக்கு 1821-இல் நியூயார்க்கின் தாமஸ் ஜென்னிங்ஸ் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பர் அவர்தான். பெட்ரோலும் பென்சீனும் தீப்பிடித்துத் தீர்ந்த பிறகு, பெர்குளோரோஎத்திலீன் இருபதாம் நூற்றாண்டில் தொழிலைப் பிடித்துக்கொண்டது. பட்டும் கோட்டும் வைத்திருந்தவர்கள் நகரத்துக் கடைக்குப் போனார்கள். அங்கே வீட்டுக் குறியை நினைவில் வைத்திருக்கும் ஆள் இல்லை. எண் போட்ட ஒரு சீட்டு. முன்பக்கம் துணியின் விவரம், பின்பக்கம் பொடி எழுத்தில் நிபந்தனைகள்.

அந்தப் பின்பக்கம்தான் பழைய விதியைத் தலைகீழாக்கியது.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் இந்த விஷயத்தில் பழைய வழக்கத்துக்கு அருகிலேயே இருக்கிறது. ஒரு பொருளைக் காரியம் முடிந்ததும் திருப்பித் தருவதாக வாங்கிக்கொண்டால், சாதாரண அறிவுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைக் காப்பதுபோல் அதைக் காக்க வேண்டும் என்கிறது 151-ஆம் பிரிவு. அவ்வளவு கவனம் எடுத்தும் தொலைந்தால் பொறுப்பில்லை என்கிறது 152. ஆனால் கவனமாக இருந்தேன் என்று நிரூபிப்பது வாங்கிக்கொண்டவர் வேலை. எப்படித் தொலைந்தது என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும். பட்டுச் சேலையின் சொந்தக்காரருக்கு எப்படித் தெரியும்?

சீட்டு இதைக் கடந்துபோகப் பார்த்தது. இங்கிலாந்தில் அது ஓரளவு பலித்தது. ஹெண்டன் லாண்டரி ஒரு வாடிக்கையாளரின் பத்துக் கைக்குட்டைகளைத் தொலைத்தது. சலவைக் கட்டணத்தின் 20 மடங்குக்கு மேல் தர மாட்டோம் என்ற நிபந்தனையை 1945-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. முப்பது ஆண்டுகள் கழித்து அங்கேயும் காற்று மாறியது: 900 பவுன் மதிப்புள்ள சீனக் கம்பளத்தைத் தொலைத்துவிட்டு 40 பவுன் தருகிறோம் என்ற நிறுவனத்திடம், தொலைந்த விதத்தை நீயே விளக்கு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சென்னை அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. ‘லில்லி ஒயிட்’ என்ற சலவை நிறுவனத்தில் போட்ட ஒரு புதுச் சேலை தொலைந்தது. தொலைந்தால் பொருளின் சந்தை விலையில் 15 சதவீதம்தான் கேட்கலாம் என்று ரசீதில் அச்சடித்திருந்தது. விஷயம் சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. 1966-ஆம் ஆண்டு ஏ.ஐ.ஆர். என்ற தீர்ப்புத் தொகுப்பில் தீர்ப்பு இடம்பெற்றது. நீதிமன்றத்தின் வாதம் எந்தக் குடும்பத் தலைவிக்கும் விளங்கும். இந்த நிபந்தனை செல்லுமென்றால் ஒரு கடைக்காரர் புதுச் சேலைகளையெல்லாம் ‘தொலைத்துவிட்டு’, நூறு ரூபாய்ச் சேலையைப் பதினைந்து ரூபாய்க்குத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாமே? நேர்மையின்மைக்குப் பரிசு கொடுப்பதுபோல் ஆகும். பொதுநலக் கொள்கைக்கு விரோதம். ஆகவே ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி செல்லாது. நம் நாட்டுச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு இது. தொலைந்தது ஒரே ஒரு சேலை.

பம்பாய் உயர்நீதிமன்றமும் 1995-ஆம் ஆண்டுத் தொகுப்பிலுள்ள ‘டெபூ’ என்ற சலவை வழக்கில் இதே பக்கம் சாய்ந்தது: வாடிக்கையாளர் கையெழுத்தில்லாத சீட்டின் பின்புறத்தில் அச்சடித்துவிட்டதாலேயே நிபந்தனை ஒப்பந்தமாகிவிடாது. இடையில் 1984-இல் சட்ட ஆணையம் தன் 103-ஆவது அறிக்கையில் அநியாய நிபந்தனைகளுக்கென்றே ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கச் சொன்னது. அது கிடப்பில் கிடந்தது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் ‘அநியாய ஒப்பந்தம்’ என்பதை வரையறுத்து, அதை எதிர்த்து மாநில ஆணையத்துக்குப் போக வழி திறந்தது.

இதில் அளவு தெரியாமல் போனவர்களும் உண்டு. வாஷிங்டனில் நிர்வாகத் தீர்ப்பாய நீதிபதி ஒருவர், 2005-இல் தன் கால்சட்டை தொலைந்ததற்காக ஒரு கொரியக் குடும்பத்தின் கடைமீது வழக்குப் போட்டார். கேட்ட தொகை 6 கோடியே 70 லட்சம் டாலர் வரை ஏறி, விசாரணை நேரத்தில் 5 கோடியே 40 லட்சமாக இறங்கியது. 2007-இல் ஒரு காசு கிடைக்காமல் தோற்றார். நீதிபதி பதவியும் நீட்டிக்கப்படவில்லை. வழக்குச் செலவும் அலைச்சலும் தாங்காமல் அந்தக் குடும்பம் கடையை மூடியது. 15 சதவீதம் தருகிற கடைக்காரர் எவ்வளவு அநியாயமோ, அவ்வளவு அநியாயம் இதுவும். பழைய சேலைக்குப் புதுச் சேலை விலை கேட்பதையும் நுகர்வோர் ஆணையங்கள் எளிதில் ஏற்பதில்லை. உடுத்திய காலம் கழிக்கப்படலாம்.

லில்லி ஒயிட் தீர்ப்பு வந்து சுமார் அறுபது ஆண்டுகள் ஆகின்றன. ‘தொலைந்தால் கட்டணத்தைப்போல் பத்து மடங்கு மட்டும்’, ‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற வரிகள் சீட்டுகளில் இன்னும் அச்சாகின்றன. சட்டம் தெரியாமல் அச்சடிக்கிறார்கள் என்று நம்புவது கடினம். வாசித்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார்கள் என்ற கணக்குதான்.

பேசாமல் போக வேண்டியதில்லை. சீட்டையும், துணி வாங்கிய ரசீதையும், இருந்தால் அதை உடுத்திய படத்தையும் எடுத்து வையுங்கள். விலையையும் தொலைந்த நாளையும் குறித்துக் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சலவைக் கூலி போன்ற சிறு தொகைக்கு வழக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 2019 சட்டத்தின்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சென்னைக் கடையில் போட்ட கல்யாணப் பட்டு தொலைந்துவிட்டால் அதிராம்பட்டினத்துக்காரர் சென்னைக்கு அலைய வேண்டாம். தஞ்சாவூர் ஆணையம் போதும். கெடு இரண்டு ஆண்டுகள்.