கோடு போட்ட கைப்பட்டை

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் இருக்கிறார். தங்கமான மனிதர். பல வருஷங்களுக்கு முன், ஒரு தீபாவளிக்கு மறுநாள், அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக் கொண்டிருந்தேன். அவருடைய பேத்தி, ஆறு வயதுக் குழந்தை, உள்ளேயிருந்து ஓடி வந்து, "தாத்தா! லட்டுவைப் பூனை தின்றுவிட்டது!" என்றாள்.

வேறு எந்தத் தாத்தாவாக இருந்தாலும் சிரித்திருப்பார். இவர் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்து கொண்டு, "எந்தப் பூனை? கறுப்பா, வெள்ளையா? எந்த வழியாக வந்தது? டப்பாவை யார் திறந்தது?" என்று ஆரம்பித்தார். நான்காவது கேள்வியில் சாட்சி அழத் தொடங்கிவிட்டது.

குழந்தையைப் பாட்டி தூக்கிக் கொண்டு போனாள். அவர் என்னைப் பார்த்து, "எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஸார். முப்பது வருஷம் பொய்யையே கேட்ட காது. வீட்டுக்கு வந்ததும் யூனிபாரத்தைக் கழற்றி மாட்டிவிடலாம். காதைக் கழற்ற முடிகிறதா?" என்றார்.

அந்தப் பேச்சு என் மனத்தில் தங்கிவிட்டது. போலீஸ் உத்தியோகத்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் தேடிப் படித்தேன். யூனிபாரத்தையே கழற்றக் கூடாது என்று உத்தரவு இருந்த காலமும் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கதை லண்டனில் ஆரம்பமாகிறது.

1829ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் தேதி மாலை, ஸர் ராபர்ட் பீல் ஏற்படுத்திய புதிய போலீஸ் படை லண்டன் வீதிகளில் முதல் தடவையாக ரோந்து புறப்பட்டது. நீலக் கோட்டு, உயரமான தொப்பி. பட்டாளத்தின் சிவப்பு நிறம் ஜனங்களைக் கலவரப்படுத்தும் என்றுதான் நீலத்தைப் பொறுக்கி எடுத்தார்கள். ஜனங்களோ, 'வேகாத சிங்கி இறால்' என்று பெயர் வைத்தார்கள். சிங்கி இறால் பச்சையாக இருக்கையில் நீலம். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் சிவப்பு. கொஞ்சம் சூடு ஏறினால் இந்த ஆசாமியும் சிப்பாய்தான் என்று அர்த்தம்! (படையில் முதலாம் எண் பெற்ற கான்ஸ்டபிள், குடித்திருந்ததற்காக நாலே மணி நேரத்தில் வேலையை இழந்தார் என்பதும் சரித்திரம்தான்.)

ஜனங்களுடைய பெரிய பயம் தடியடி அல்ல, வேவு. பிரான்ஸ் தேசத்தில் போலீஸ் ஒற்றர்கள் காப்பிக் கடைதோறும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கதை கதையாகக் கேட்டிருந்தார்கள். அந்தப் பயத்தைப் போக்க, வேலை நேரம் முடிந்த பிறகும் கான்ஸ்டபிள் நீலக் கோட்டோடேதான் நடமாட வேண்டும் என்று விதித்தார்கள். அதில் ஒரு சிக்கல் முளைத்தது. எதிரே வருகிறவர் வேலையில் இருக்கிறாரா, வீட்டுக்குப் போகிறாரா என்று எப்படித் தெரியும்? 1830இல் அதற்கும் வழி செய்தார்கள். நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஒரு துணிப் பட்டை. வேலை நேரத்தில் இடது கை மணிக்கட்டில் அதைக் கட்டிக்கொள்ள வேண்டும். முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். அந்தப் பட்டை 1968 வரையில் லண்டன் போலீஸாரின் கையை விடவில்லை.

நாவல் எழுதுகிறவனுக்கு உள்ள கெட்ட வழக்கம், இந்த இடத்தில் என் கற்பனை ஓடத் தொடங்கிவிட்டது. ஒரு கான்ஸ்டபிள் பட்டையை அவிழ்த்துப் பையில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் மதுக்கடையில் நுழைகிறான். பட்டை இல்லை, கோட்டு இருக்கிறது. பேசிக் கொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்திக் கொள்கிறார்கள். தன்னைக் கண்டதும் பேச்சு நிற்பதை நாள்தோறும் பார்க்கிற மனிதன் என்ன நினைப்பான்? 'நின்று போன பேச்சு என்னவாக இருக்கும்?' என்றுதானே? போதாததற்கு, 1887 வரையில் அவனுக்குப் பார்லிமெண்டுத் தேர்தலில் ஓட்டும் கிடையாது.

1833ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி, கோல்ட்பாத் பீல்ட்ஸ் என்ற இடத்தில் தொழிலாளர் சங்கத்தார் ஒரு கூட்டம் கூட்டினார்கள். போலீஸ் புகுந்து அடித்துக் கலைத்தது. கலவரத்தில் ராபர்ட் கல்லி என்ற கான்ஸ்டபிள் கத்திக்குத்துப் பட்டு இறந்தார். மரண விசாரணைக்கு உட்கார்ந்த ஜூரர்கள் சொன்ன தீர்ப்பு என்ன தெரியுமா? 'நியாயமான கொலை!' மேல் கோர்ட்டு பிற்பாடு அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. ஆனாலும் ஊரார் அந்த ஜூரர்களைக் கொண்டாடினார்கள். மறுநாள் பட்டையைக் கட்டிக்கொண்டு ரோந்துக்குப் புறப்பட்ட மற்றக் கான்ஸ்டபிள்கள் அந்த ஊராரைத்தான் எதிரே பார்த்தாக வேண்டும்.

ஜனங்கள்மீது மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. அதே வருஷத்தில் வெளியான இன்னொரு சங்கதியைக் கேளுங்கள். வில்லியம் போப்பே என்று ஒரு ஸார்ஜெண்ட். முன்பு பள்ளிக்கூட உபாத்தியாயராக இருந்தவர். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தாம் ஒரு சித்திரக்காரன் என்று சொல்லிக்கொண்டு, காம்பர்வெல் பக்கத்துத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் அவர்களோடு பழகினார். அவர்கள் வீட்டுக்குப் போனார், வந்தார். சர்க்காரை அவர்களைவிட உரக்கத் திட்டினார். கத்தி வீசப் பழகிக் கொள்ளுங்கள் என்று யோசனைகூடச் சொன்னார். ஒரு நாள் சங்கத்து மனிதர் ஒருவர் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் போனபோது, உள்ளே மேஜையண்டை நம் சித்திரக்காரர் உட்கார்ந்து எழுதிக் கொண்டிருந்தார்!

விஷயம் பார்லிமெண்டு வரை போயிற்று. காமன்ஸ் சபை கமிட்டி அமைத்து விசாரித்துக் கண்டித்தது. போப்பே வேலையை இழந்தார். தலைமை அதிகாரிகளான ரோவனுக்கும் மேய்னுக்கும் இந்த அனுபவம் மறக்கவில்லை. சாதாரண உடையில் துப்பறியும் இலாகா ஒன்று ஏற்பட 1842 வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதிலும் ஆரம்பத்தில் 8 பேர்தான்.

என் மனம் மட்டும் போப்பேயை விட்டு நகரவில்லை. ஒரு வருஷம் பலர் வீட்டில் நண்பனாக நடித்தவர், அதற்குப் பிறகு தம் வீட்டுக்கு வருகிற நண்பனை எப்படி நம்பியிருப்பார்?

அந்தக் கேள்வியைக் கணக்கெடுத்து ஆராய ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஆர்தர் நீடர்ஹாபர் என்பவர் நியூயார்க் போலீஸில் 20 வருஷங்களுக்கு மேல் வேலை பார்த்து, பின்பு சமூகவியல் கற்றுப் பேராசிரியரானவர். 1967இல் வெளியிட்ட புத்தகத்தில், பயிற்சிப் பள்ளிக்கு முதல் நாள் வந்த இளைஞர்களிடம் அவநம்பிக்கை குறைவாக இருப்பதையும், முதல் சில வருஷங்களில் அது மளமளவென்று ஏறுவதையும், ஓய்வு பெறும் காலம் நெருங்க நெருங்கச் சற்றுத் தணிவதையும் காட்டினார். அதற்கு முந்திய வருஷம் ஜெரோம் ஸ்கோல்னிக் என்பவர், ஆபத்தும் அதிகாரமும் சேர்ந்த உத்தியோகம் இது என்றும், எவனுடைய நடையிலும் உடையிலும் ஆபத்தைத் தேடிப் பழகுகிற கண்ணுக்கு வேலை இல்லாத நேரத்திலும் சிநேகம் கிடைப்பது கஷ்டம் என்றும் எழுதினார். சக போலீஸ்காரர்களோடு மட்டும் பழகுவது அதனால்தான். லண்டன் கான்ஸ்டபிளுக்குச் சட்டம் போட்ட கோட்டை, நியூயார்க்காரர் தாமாகவே மாட்டிக் கொண்டார்.

இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் கைப்பட்டைக்கெல்லாம் அவசியம் வைக்கவில்லை. 1861ஆம் வருஷத்துப் போலீஸ் சட்டத்தின் 22ஆம் பிரிவு, போலீஸ் உத்தியோகஸ்தர் எப்பொழுதுமே வேலையில் இருப்பதாகக் கருதப்பட வேண்டும் என்று சொல்லிவிட்டது. 1872இல் வந்த சாட்சியச் சட்டமோ, போலீஸ்காரரிடம் கைதி கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவனுக்கு விரோதமாக நிரூபிக்கக் கூடாது என்றது. இருபத்து நாலு மணி நேரமும் நீ போலீஸ்காரன். ஆனால் உன்னிடம் ஒருவன் சொன்னதை நாங்கள் நம்பமாட்டோம்! அதைக் கட்டாயப்படுத்தி வாங்கியிருப்பான் என்ற பயத்துக்கு நியாயம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஜூலையில் புதிய சாட்சியச் சட்டம் அமுலுக்கு வந்தபோதும் அந்த விதி மாறவில்லை.

இதையெல்லாம் ஒரு நாள் எங்கள் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். கைப்பட்டைச் சமாசாரம் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. "எனக்கு அப்படி ஒன்று கொடுத்திருந்தால் தேவலை, ஸார். வாசற்படியிலேயே அவிழ்த்து வைத்திருப்பேன்" என்றார்.

அந்தச் சமயம் பேத்தி வந்தாள். இப்போது காலேஜில் படிக்கிற பெண். தோழி வீட்டுக்குப் போய் வருவதாகச் சொன்னாள். பின்னாலேயே பாட்டி வந்து, "ஆமாம், எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் அம்மா டெலிபோனில் கூப்பிட்டாள்" என்றாள். இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டி அனுமதி கொடுத்தார்.

அவள் தெருத் திரும்புகிற வரையில் பார்த்துக் கொண்டிருந்தவர், மெதுவாகச் சொன்னார்: "கவனித்தீர்களா, ஸார்? என்னிடம் எது சொல்ல வந்தாலும் சாட்சியோடுதான் வருகிறாள்."