பச்சை நிறத்தின் விலை: போடி ஏலக்காய்ச் சந்தையும் வடிவமைப்பின் அறமும்

வடிவமைப்புக் கல்வி நம்மிடம் நாற்காலி, எழுத்துரு, கைப்பேசித் திரை போன்ற மனிதர் செய்த பொருள்களிலிருந்தே தொடங்குகிறது. விளைபொருளை இயற்கையின் கணக்கில் விட்டுவிட்டு, அதைச் சுற்றும் உறை மட்டுமே வடிவமைப்பாளரின் வேலை என்று கருதிக்கொள்கிறோம். தேனி மாவட்டம் போடிநாயக்கனூரின் ஏலக்காய்ச் சந்தையை வைத்துப் பார்த்தால் இந்தப் பாகுபாடு நிற்பதில்லை. அங்கே விலைபோகும் பச்சை நிறத்தில் செடி தந்தது ஒரு பங்கு. உலர்த்தும் முறையும் தரம்பிரிப்பும் ஏலமும் சேர்ந்து ஆக்கியது இன்னொரு பங்கு. ஆகவே நிறத்துக்கு விலைவைக்கும் முறையைத் திருத்தாமல், நிறமேற்றும் கலப்படத்தைச் சோதனைகளால் மட்டும் ஒழிக்க முடியாது என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

இந்தச் சந்தைக்கு வரும் காயில் பெரும்பகுதி கேரளத்தின் இடுக்கி மலைகளில், வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பஞ்சோலைப் பகுதித் தோட்டங்களில் விளைகிறது. கம்பம், உத்தமபாளையம், போடிப் பக்கத்து ஊர்களிலிருந்து தொழிலாளர்கள் விடியற்காலையில் ஜீப் ஏறி, கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாக மேலே போய், மாலையில் திரும்புகிறார்கள். காயும் அதே பாதைகளில் கீழே இறங்குகிறது. ஸ்பைசஸ் போர்டு எனப்படும் மத்திய நறுமணப் பொருள் வாரியம் 2007இல் தொடங்கிய மின்னணு ஏலம் போடியிலும் இடுக்கியின் புத்தடியிலும் நடக்கிறது. கூவி ஏலம் விட்ட காலம் போய்க் கணினித் திரை வந்துவிட்டது. ஆனாலும் வியாபாரி கையில் மாதிரிக் காயை எடுத்துப் பார்த்து, முகர்ந்து, உருட்டித்தான் விலை கேட்கிறார். கருவி புதிது, மதிப்பீடு பழையதே.

பச்சை நிறம் எப்படிக் காக்கப்படுகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காய் முழுவதும் பழுக்குமுன் பறிக்கப்படுகிறது. தோட்டத்தில் ஸ்டோர் எனப்படும் உலர்த்தும் கூடத்தில் ஏறத்தாழ 45 முதல் 55 டிகிரி வெப்பத்தில், வெளிச்சம் படாமல், நிதானமாக உலர்த்தப்படுகிறது. உலர்த்துமுன் இரண்டு சதவீதச் சலவைச் சோடாக் கரைசலில் பத்து நிமிடம் ஊறவைப்பதும் வேளாண் நிறுவனங்கள் பரிந்துரைக்கும் வழக்கம்தான். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்து சுமார் ஒரு கிலோவாக நிற்கிறது. இதெல்லாம் வடிவமைப்பு வேலையே, அதுவும் நேர்மையான வேலை. இங்கே பச்சை நிறம், காய் சரியான பருவத்தில் பறிக்கப்பட்டதையும் கவனமாக உலர்ந்ததையும் தெரிவிக்கிறது. புகையைக் கண்டு நெருப்பை உய்த்தறிவதாக அளவை நூலார் சொல்லும் உறவு இது. குறியியலின் முன்னோடியான சார்லஸ் பியர்ஸ் இவ்வகைக் குறியை, பொருளோடு காரணத் தொடர்பால் பிணைந்த குறி என்று தனியாகப் பிரித்தார். தொடர்பு உண்மையாக இருக்கும் வரையில்தான் குறியும் உண்மை.

ஆனால் ஏலக்காயை வாங்குபவர் தேடுவது மணத்தை. சினியோல், டெர்பினைல் அசிட்டேட் முதலான மணப்பொருள்கள் விதையின் எண்ணெயில் இருக்கின்றன. தோலின் பச்சையில் இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்புத் தரம் விதையில் ஆவியாகும் எண்ணெய் குறைந்தது 3.5 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. ஏல மேசையில் அந்த எண்ணுக்கு இடமில்லை. அங்கே பேசுவது மில்லிமீட்டரும் நிறமும் லிட்டர் எடையும். ஆலப்பி பச்சை வகையில் உயர்ந்த தரத்துக்கு அக்மார்க் வைத்த அளவு 7 மில்லிமீட்டர் பருமன், லிட்டருக்கு 435 கிராம். லிட்டர் எடையாவது விதை நிறைந்திருப்பதை ஓரளவு காட்டும். மற்ற இரண்டும் கண்ணுக்கு மட்டுமே பதில் சொல்கின்றன.

பச்சையின் மீதுள்ள ஆசை இயல்பானது, வாடிக்கையாளரே கேட்கிறார் என்று வணிகர் சொல்லலாம். வரலாறு இதற்கு இடங்கொடுக்கவில்லை. ஐரோப்பியச் சந்தைக்காக இதே காயைக் கந்தகப் புகையில் வெளுத்து, வெள்ளை ஏலக்காய் என்று அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. வெளுத்த காய்க்கும் அக்மார்க்கில் தரப்பெயர் உண்டு. அரபு நாடுகளின் கஹ்வாக் காப்பிக்குப் பருத்த பச்சைக் காய் வேண்டியிருந்தது. அந்தச் சந்தையில் குவாத்தமாலாவோடு போட்டியிட்டபோது, பச்சை நமது அடையாளமாக இறுகியது. ஒரே விதையை ஒரு வாசலுக்கு வெளுத்தும் இன்னொரு வாசலுக்குப் பசுமையாகக் காத்தும் அனுப்பியிருக்கிறோம். ஜெர்மானிய அறிஞர் வொல்ஃப்காங் ஹாக் 1971இல் எழுதிய சரக்கு அழகியல் பற்றிய நூல், பொருளின் பயனிலிருந்து அதன் தோற்றம் பிரிந்து தானே விற்பனைச் சரக்காவதை விளக்கியது. போடியில் அந்தப் பிரிவை மில்லிமீட்டர் சல்லடையில் காணலாம்.

செயற்கை நிறம் புகுவது இந்த இடைவெளியில்தான். வெளிறிய, பழைய காயின் மீது பச்சைச் சாயம் ஏறியதும் கண் ஏமாறுகிறது. விலைப் படியும் ஏறுகிறது. ஏலக்காயில் நிறம் சேர்ப்பதைச் சட்டம் தெளிவாகத் தடுக்கிறது. இருந்தும் அது நின்றுவிடவில்லை. இதைத் தனிமனிதர் ஒழுக்கக்கேடு என்று மட்டும் பார்ப்பது போதாது. பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் காட்டியபடி, வாங்குபவருக்குத் தரம் தெரியாத சந்தையில் மட்டச் சரக்கு நல்ல சரக்கை வெளியே தள்ளிவிடும். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அப்படிப்பட்ட விலையில் நிறத்தின் ஒரு படி வித்தியாசமே பெரும் பணம். சாயம் தொடாத விவசாயிதான் அதில் தோற்கிறார். எனக்கு இதில் மிகவும் வருத்தம் தருவது இந்த அநீதிதான்.

சில்லறைக் கடையின் பொட்டலமும் இதற்குத் துணைபோகிறது. பச்சையம் வெளிச்சத்தில் சிதையும். நாமோ ஏலக்காயை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையில் அடைத்து விளக்கின் கீழ் மாட்டுகிறோம். உறை நிறத்தைக் காட்டி விற்கிறது. அதே உறை நிறத்தை அழிக்கிறது. நல்ல காய் வெளிறிப்போகிறது. கடைக்காரர் அதைத் திருப்பி அனுப்புகிறார். வெளிறாத பச்சைக்குத் தேவை இப்படி உண்டாக்கப்படுகிறது. உறையை வடிவமைத்தவர் எவரும் சாயம் கலக்கவில்லை; ஆயினும் கலப்படத்தின் காரணச் சங்கிலியில் அந்த உறையும் ஒரு கண்ணி. ஒளி புகாத உறையும், பறித்த மாதமும், நாளடைவில் நிறம் மங்குவது இயல்பு என்ற ஒரு வரியும் இருந்தால் இந்தச் சங்கிலியின் ஒரு பகுதி அறுபடும். வீட்டில் இருப்பவரும் சிலவற்றை அறிந்துகொள்ளலாம். பச்சையம் தண்ணீரில் எளிதில் கரையாது. ஊறவைத்த தண்ணீர் சட்டென்று பளிச்சென்ற பச்சையானால் ஐயப்பட வேண்டும்.

வடிவமைப்பாளரின் இந்தப் பொறுப்பு புதிய எண்ணமல்ல. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் இணையர் 1958இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கை, 1961இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறக்க வழிவகுத்தது. சாதாரண லோட்டாவைப் பார்த்து அவர்கள் அடுக்கிய கேள்விகளில், பாத்திரத்தின் உலோகம் உள்ளிருப்பதை எப்படிப் பாதிக்கும் என்பதும் அதை விற்கும்போது எப்படி உணர்வோம் என்பதும் உண்டு. விற்பவரின் மனநிலையை வடிவமைப்பின் அளவுகோலாக வைத்தது அந்த அறிக்கையின் பெரிய பேறு என்பேன். 1971இல் விக்டர் பாப்பனெக் வடிவமைப்பாளரின் சமூகப் பொறுப்பைக் கடுமையாக வலியுறுத்தினார். ஆனால் இவற்றைப் பாடமாகப் படிக்கும் நம் மாணவர் ஏல மேசையை வடிவமைப்புப் பொருளாகக் கருதக் கற்பதில்லை.

கண்ணை நம்பும் முறையின் போதாமையை 2023 ஜனவரி வெளிப்படையாக்கியது. ஏலக்காயில் பூச்சிமருந்து எச்சம் கூடுதலாக இருந்ததென்று சபரிமலை அரவணைப் பாயச விற்பனையைக் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தியது. லட்சக்கணக்கான டின்கள் தேங்கின. அந்த உத்தரவைப் பின்னர் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கின் முடிவு எதுவாயினும், எச்சம் கண்ணுக்குத் தெரிவதில்லை. எவ்வளவு பச்சையான காயும் அதை மறைத்துவைக்கும்.

ஊர்ப்பெயரைக் காப்பதும் தரத்தை அளப்பதற்கு மாற்றாகாது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் குறியீடு ஊர்ப்பெயரைக் காக்கும்; வாங்குபவர் எதைத் தரம் என்று கருதுகிறார் என்பதை அது மாற்றாது. ஏலக்காய்க்கு ஆலப்பி என்ற பெயர்க் காப்பு ஏற்கெனவே உண்டு. அதனால் சாயம் நின்றுவிடவில்லை.

எனவே திருத்தம் ஏலத்திலேயே தொடங்க வேண்டும். லாட்டின் மாதிரியோடு விதை எண்ணெய் அளவும் எச்சப் பரிசோதனை முடிவும் திரையில் தெரிய வேண்டும். ஒவ்வொரு லாட்டையும் சோதிப்பது செலவும் தாமதமும் ஆகும் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. அதனால் முதலில் உயர்ந்த தரத்துக்கு மட்டும், தாமே முன்வரும் விவசாயிகளைக் கொண்டு தொடங்கலாம். போடியில் காய் தரம்பிரிக்கும் பெண்களின் கண்ணும் கையும் சேர்த்துவைத்த அறிவை இந்த அளவுகோலை உருவாக்கும் வேலையில் கேட்டாக வேண்டும்; அவர்களுக்கு அந்த ஆலோசனைக்கான ஊதியமும் தர வேண்டும். நறுமணப் பொருள் வாரியம் போடி ஏலத்தில் ஒரு பருவமாவது இதை நடத்திப் பார்க்கட்டும். தமிழ்நாட்டின் வடிவமைப்புக் கல்லூரிகள் தம் மாணவரை அந்தப் பருவம் முழுவதும் போடிக்கு அனுப்பட்டும்.