வட்டு இயக்கிகளின் காட்சி வெளியீட்டு அமைப்புகள்: ஒரு வரலாறு

டிவிடி, புளூ-ரே போன்ற வட்டுகளை இயக்கும் கருவி, வட்டில் உள்ள படத்தை எந்த வடிவில் தொலைக்காட்சிக்கு அனுப்ப வேண்டும் என்பதை முடிவு செய்யும் தெரிவுகள் காட்சி வெளியீட்டு அமைப்புகள் எனப்படுகின்றன. திரையின் விகிதம், வண்ண முறை, வரிகளின் எண்ணிக்கை, இணைப்பு வகை ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. இவை பெரும்பாலும் அந்தந்தக் காலத்தில் வீடுகளில் இருந்த தொலைக்காட்சிக்குப் படம் பொருந்த வேண்டும் என்பதற்காகச் சேர்க்கப்பட்டவை. பின்னர் இவற்றுள் சில, பட உரிமையாளர்களின் நலன் கருதிக் கட்டுப்படுத்தப்பட்டன.

லேசர் டிஸ்க் காலம்

1978 டிசம்பரில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் லேசர் டிஸ்க் விற்பனைக்கு வந்தது. இதில் படம் ஒப்புமைக் குறிகையாகவே பதியப்பட்டது. வெளிச்சமும் வண்ணமும் ஒன்றாகக் கலந்த காம்போசிட் குறிகையே வட்டில் இருந்ததால், படத்தின் வடிவை மாற்றும் தெரிவுகளுக்கு இயக்கியில் அதிக இடமில்லை.

டிவிடியும் புதிய தெரிவுகளும்

டிவிடி இயக்கி 1996 நவம்பரில் ஜப்பானிலும் 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. டிவிடியில் படம் எம்பெக்-2 முறையில் எண்ணிமத் தரவாகச் சுருக்கப்பட்டிருந்தது. அத்தரவிலிருந்து தொலைக்காட்சிக்குரிய குறிகையை இயக்கியே உருவாக்க வேண்டியிருந்ததால், எவ்வாறு உருவாக்குவது என்ற கேள்வி எழுந்தது. அமைப்புப் பட்டியல் விரிவடைந்தது இதனால்தான்.

முதல் சிக்கல் வண்ண முறை. அமெரிக்காவும் ஜப்பானும் பின்பற்றிய என்டிஎஸ்சி முறைக்கான டிவிடியில் படம் 720×480 புள்ளிகள் கொண்டது. ஐரோப்பிய நாடுகள் பலவும் இந்தியாவும் இலங்கையும் பின்பற்றிய பால் முறைக்கு அது 720×576 புள்ளிகள். ஒரு முறையில் அமைந்த குறிகையை மற்றொரு முறைக்கு மட்டுமே உரிய தொலைக்காட்சிக்கு அனுப்பினால் படம் உருளும் அல்லது வண்ணமின்றித் தெரியும். இதற்காகவே பல இயக்கிகளில் 'பால்', 'என்டிஎஸ்சி', 'ஆட்டோ' என்னும் தெரிவுகள் தரப்பட்டன.

இரண்டாவது சிக்கல் திரையின் விகிதம். அக்காலத் தொலைக்காட்சிகள் பெரும்பாலும் 4:3 விகிதம் கொண்டவை, திரைப்படங்களோ அகலமானவை. 'லெட்டர்பாக்ஸ்' தெரிவு மேலும் கீழும் கறுப்புப் பட்டைகளை விட்டுப் படத்தை முழுமையாகக் காட்டியது. 'பேன் ஸ்கேன்' தெரிவு, அதற்கு இடமளிக்கும் வட்டுகளில், பக்கங்களை வெட்டித் திரையை நிரப்பியது. 16:9 தெரிவு அகலத்திரைத் தொலைக்காட்சிக்கு உரியது. அதனைப் பழைய தொலைக்காட்சியில் தேர்ந்தெடுத்தால் மனிதர்கள் ஒல்லியாகவும் நெட்டையாகவும் தெரிவர்.

வடங்களின் வளர்ச்சி

மஞ்சள் நிறக் காம்போசிட் வடம் முழுப் படத்தையும் ஒரே கம்பியில் கொண்டு சென்றது. எஸ்-வீடியோ வெளிச்சத்தையும் வண்ணத்தையும் பிரித்தது. பச்சை, நீலம், சிவப்பு முனைகள் கொண்ட காம்போனென்ட் வடம் குறிகையை மூன்றாகப் பிரித்து, மேலும் தெளிவான படத்தைத் தந்தது. பிரான்சில் தோன்றிய 21 முனை ஸ்கார்ட் இணைப்பு ஐரோப்பாவில் பரவியது.

காம்போனென்ட் வடத்துடன் 'புரோகிரசிவ் ஸ்கேன்' தெரிவும் வந்தது. பழைய முறையில் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் மாறிமாறி வரையப்பட்டன. புதிய முறையில் எல்லா வரிகளும் வரிசையாக வரையப்பட்டன. இதனை ஏற்காத தொலைக்காட்சியில் இத்தெரிவைச் செயற்படுத்தினால் படம் சிதறும் அல்லது மறையும். அப்போது தவற்றைத் திருத்துவதற்கான பட்டியலும் திரையில் தெரியாது. எனவே, திரையைப் பார்க்காமலே பழைய நிலைக்குத் திரும்பும் பொத்தான் முறையைத் தயாரிப்பாளர்கள் பலர் கையேட்டில் குறிப்பிட்டனர்.

எச்டிஎம்ஐயும் கட்டுப்பாடும்

2002 டிசம்பரில் எச்டிஎம்ஐ இணைப்பின் முதல் வரையறை வெளியானது. இதில் தொலைக்காட்சி தனக்கு ஏற்ற வடிவங்களை இயக்கிக்குத் தானே தெரிவிக்கிறது. 'ஆட்டோ' தெரிவு பெரும்பாலும் போதுமானதாக ஆனது. அதே வடத்தில் எச்டிசிபி என்னும் பாதுகாப்பு முறையும் செயற்படுகிறது. எதிர்முனைக் கருவி உரிய அனுமதி பெற்றது என்று உறுதியாகாவிட்டால், பாதுகாக்கப்பட்ட படம் அனுப்பப்படுவதில்லை.

2006-இல் புளூ-ரே இயக்கிகள் வந்தபோது 1080 வரிப் படத்தைக் காம்போனென்ட் வடம் வழியாகவும் பெற முடிந்தது. ஆனால் ஒப்புமைக் குறிகையை எளிதில் நகலெடுக்கலாம் என்று பட நிறுவனங்கள் அஞ்சின. புளூ-ரே வட்டுகளைக் காக்கும் ஏஏசிஎஸ் உரிமத்தின்படி, 2010-க்குப் பின் தயாரிக்கப்பட்ட இயக்கிகள் பாதுகாக்கப்பட்ட படத்தை ஒப்புமை வழியில் சாதாரணத் தரத்தில் மட்டுமே அனுப்பலாம். 2013-க்குப் பின் தயாரிக்கப்பட்டவை அவ்வழியில் அனுப்பவே கூடாது.

இதன் பாதிப்பு, அமெரிக்காவில் 1998 முதல் விற்பனைக்கு வந்த தொடக்க கால உயர்தரத் தொலைக்காட்சிகளை வாங்கியவர்களுக்கு நேர்ந்தது. அவற்றுள் பலவற்றில் உயர்தரப் படத்துக்குக் காம்போனென்ட் போன்ற ஒப்புமை உள்ளீடுகளே இருந்தன. திரை பழுதடையவில்லை, அதற்கு 1080 வரிப் படத்தைக் காட்டும் திறனும் இருந்தது. ஆயினும் புதிய புளூ-ரே இயக்கியிலிருந்து அத்தகைய படத்தை அதற்கு நேரடியாக அனுப்ப வழியில்லை. எந்த அமைப்பை மாற்றினாலும் தீராத தடை அது. ஏனெனில் அத்தெரிவே பட்டியலில் இல்லை.