நீரில் கரையும் வண்ணக் குச்சிகள்

நீரில் கரையும் வண்ணக் குச்சி, காய்ந்த நிலையில் க்ரேயான் போலக் கோடு போடும். ஈரத் தூரிகை பட்டதும் நீர்வண்ணம் போலக் கரைந்து பரவும். நிறமித் தூளை நீரோடு இணங்கும் மெழுகிலோ பிசினிலோ குழைத்து, உருளையாகவோ பட்டையான கட்டியாகவோ செய்கிறார்கள். வாட்டர்கலர் பென்சிலுக்கு இது நெருங்கிய உறவு. பென்சிலில் மர உறைக்குள் மெல்லிய வண்ணத் தண்டு இருக்கும். இங்கே உறை கிடையாது, குச்சி முழுவதுமே வண்ணம். முனையால் கோடு இழுக்கலாம், படுக்கவைத்துத் தேய்த்தால் ஒரே வீச்சில் வானத்தை நிரப்பலாம்.

ஸ்கெட்ச்புக்கோடு ஊர் சுற்றுபவர்களும், துணியில் படம் வரைந்து தைப்பவர்களும் இதை விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் ஒரே குச்சி தாளில் ஒரு விதமாகவும் துணியில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். தாளில் அழகாக வந்த நீலம், துணியில் எல்லை தாண்டி ஓடுவதைப் பார்த்துக் குச்சியைக் குறை சொல்பவர்கள் உண்டு. அந்த வேறுபாட்டுக்குக் காரணம், தண்ணீரை அந்தப் பரப்பு எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதுதான். இது பிடிபட்டுவிட்டால் மற்ற நுட்பங்கள் எல்லாம் தாமாகவே விளங்கும்.

முன்னோடிகள்

ஈரம் பட்டால் நிறம் காட்டும் எழுதுகோல் புதிதல்ல. 1870களில் ஐரோப்பாவில் வந்த காப்பியிங் பென்சிலில் கிராஃபைட்டோடு அனிலின் சாயம் கலந்திருந்தது. காய்ந்திருக்கும்போது சாம்பல் நிறக் கோடு; நனைந்தால் அழிக்க முடியாத ஊதா. நாக்கில் தொட்டு எழுதிய பழைய கணக்குப்பிள்ளைகளின் உதடெல்லாம் ஊதாவாக இருக்கும். அந்தச் சாயம் உடம்புக்கு ஆகாது என்பதால் இன்று யாரும் அப்படிச் செய்யக்கூடாது.

ஓவியத்துக்கென்றே நீரில் கரையும் வண்ணப் பென்சிலைக் கொண்டுவந்தது ஜெனீவாவின் கரன் தாஷ் நிறுவனம். 1915இல் ஜெனீவா பென்சில் தொழிற்சாலை என்ற பொருள்படும் பெயரோடு தொடங்கிய ஆலை அது. 1924இல் ஆர்னால்ட் ஷ்வைட்சர் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். மாஸ்கோவில் பிறந்த பிரெஞ்சுக் கேலிச்சித்திரக்காரர் இம்மானுவேல் புவாரே கையாண்ட புனைபெயர் அது. பென்சிலைக் குறிக்கும் ‘கரந்தாஷ்’ என்ற ரஷ்யச் சொல்லிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது. 1931இல் இந்த நிறுவனத்தின் பிரிஸ்மாலோ பென்சில் வந்தது. 1952இல் நியோகலர் என்ற மெழுகுக் குச்சி வந்தது. இது தண்ணீருக்கு மசியாது. பின்னர் வந்த நியோகலர் 2 தான் நீரில் கரைவது. இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி போலவே இருக்கும். கடையில் எண்ணைப் பார்க்காமல் வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து எவ்வளவு தேய்த்தும் கரையவில்லையே என்று திகைப்பது அடிக்கடி நடப்பது.

இன்னொரு மரபு இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில் இருக்கிறது. பாரோடேல் பள்ளத்தாக்கில் கிடைத்த கிராஃபைட்டை நம்பி, பக்கத்தில் உள்ள கெஸ்விக் ஊரில் பென்சில் தொழில் வளர்ந்தது. 1832ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லும் டெர்வென்ட் நிறுவனம் அங்கே வேரூன்றியது. அதன் இன்க்டென்ஸ் பென்சில்களும் கட்டிகளும், ஒருமுறை முழுதாகக் கரைந்து காய்ந்துவிட்டால் மறுபடி தண்ணீருக்கு அசையாது என்ற குணத்தால் பெயர் பெற்றவை. துணிக்காரர்களின் கண் இவற்றின்மேல் விழுந்தது அந்தக் குணத்தால்தான்.

உள்ளே இருப்பது

நிறமி என்பது கரையாத பொடி. அது தாளிலோ நூலிலோ தானாக ஒட்டாது. ஒட்டவைக்க ஒரு பசை வேண்டும். நீர்வண்ணத்தில் அந்தப் பசை வேல மரப் பிசின். குச்சியாகக் கையில் பிடிக்க வேண்டுமென்றால் கொஞ்சம் உடலும் வேண்டும் என்பதால் வெண்களிமண் போன்ற நிரப்பிகளும் மெழுகும் சேர்கின்றன. மெழுகும் தண்ணீரும் பகையாளிகள். சோப்பு எண்ணெயைத் தண்ணீரோடு சேர்த்துவைப்பது போல, இரண்டையும் இணக்கும் பொருள் ஒன்று இருந்தால்தான் குச்சி கரையும்.

மெழுகு மிகுந்த குச்சி வழவழப்பாக, உதட்டுச்சாயம் போல இழையும். நிறம் கெட்டியாக அமர்வதால் கறுப்புத் தாளிலும் தெரியும். நியோகலர் 2 இந்த வகை. பிசின் மிகுந்த கட்டி சாக்பீஸ் போலச் சற்று வறட்டு உணர்வு தரும்; கரைந்தபின் மையைப் போல ஒளி ஊடுருவும் நிறம் கொடுக்கும். இன்க்டென்ஸ் இதற்கு நெருக்கம்.

ஸ்கெட்ச்புக்கில்

தாள் என்பது செல்லுலோஸ் இழைகளின் பின்னல். அதை அப்படியே விட்டால் மை ஒற்றும் தாள்தான் கிடைக்கும். எழுதவும் வரையவும் ஏற்ற தாளுக்கு ஜெலட்டின் போன்ற பசை ஏற்றுகிறார்கள். அந்தப் பசைதான் தண்ணீரைச் சிறிது நேரம் மேற்பரப்பிலேயே நிறுத்திவைக்கிறது. ஓவியருக்குக் கிடைக்கும் அவகாசம் அந்தச் சில நொடிகள்தான்.

சொரசொரப்பான 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளில் கருநீலக் குச்சியைப் படுக்கவைத்து ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். தாளின் மேடுகளில் மட்டும் நிறம் ஒட்டி, பள்ளங்கள் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். இப்போது ஈரத் தூரிகையை ஒரு ஓரத்தில் வையுங்கள். மேட்டிலிருந்த நிறம் இளகிப் பள்ளங்களுக்குள் இறங்குகிறது. வெண்புள்ளிகள் ஒவ்வொன்றாக மறைகின்றன. தூரிகை போகாத மறு ஓரம் பழைய சொரசொரப்போடு அப்படியே இருக்கிறது. ஒரே கோட்டில் பாதி க்ரேயான், பாதி நீர்வண்ணம். வேறு எந்தச் சாதனமும் இதை இத்தனை எளிதாகத் தருவதில்லை. ஆகவே எல்லாவற்றையும் கரைத்துத் தீர்ப்பதைவிட, எங்கே கரைக்காமல் விடுவது என்று முடிவு செய்வதே இந்தக் குச்சியின் கலை. மரத்தின் இலைத்திரளைக் கரைத்துவிட்டு, அடிமரத்தின் பட்டையைக் காய்ந்த கோடாகவே விட்டால் பட்டையின் கரடுமுரடு தானாக வந்துவிடும்.

வேறு வழிகளும் உண்டு. குச்சியின் தலையில் ஈரத் தூரிகையைத் தேய்த்து, வண்ணப் பெட்டியிலிருந்து எடுப்பது போல நிறம் எடுக்கலாம். நனைந்த தாளில் நேரடியாக வரைந்தால் கோடு தடித்து, ஆழ்ந்த நிறத்தோடு விழும். பிறகு அதை முழுதாக அழிக்க முடியாது. கத்தியால் குச்சியைச் சுரண்டி ஈரத் தாளில் தூவினால் ஒவ்வொரு துகளும் சிறு பூவாக விரியும். கூழாங்கல், மணல், துருப்பிடித்த தகரம் வரைய இதைவிட நல்ல வழி இல்லை. தூவும்போது தூளை வாயால் ஊதக் கூடாது.

அடுக்கு அடுக்காகப் பூசுபவர் எந்தக் குச்சி என்று பார்த்துத்தான் தொடங்க வேண்டும். இன்க்டென்ஸ் மஞ்சளைப் பூசிக் காயவிட்டு மேலே நீலம் பூசினால், மஞ்சள் அசையாமல் இருந்து, கண்ணாடிமேல் கண்ணாடி வைத்தது போலத் தெளிந்த பச்சை கிடைக்கும். நியோகலர் 2இல் அதையே செய்தால் அடியிலிருக்கும் மஞ்சள் விழித்துக்கொண்டு நீலத்தோடு குழையும். இரண்டு நிறம் வரை அழகு. நான்காவது நிறத்தில் சேறாகிவிடும். இதற்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. விழித்துக்கொள்ளும் நிறத்தைத் திருத்தலாம், ஒற்றி எடுக்கலாம். இன்க்டென்ஸ் காய்ந்தபின் திருத்தம் கிடையாது.

சாதாரண ஸ்கெட்ச்புக் தாள் 100 ஜிஎஸ்எம் அளவில் இருக்கும். அதில் தண்ணீர் பட்டால் இழைகள் உப்பி, தாள் அப்பளம் போல நெளியும். 200 ஜிஎஸ்எம்முக்கு மேல் இருந்தால் நிம்மதி. கைப்பிடிக்குள்ளேயே தண்ணீர் நிறைத்துக்கொள்ளும் வாட்டர் பிரஷ் பயணத்துக்கு வசதி. அதிலிருந்து வரும் ஈரமும் அளவாக இருக்கும். கோட்டோவியத்தின் மேல் வண்ணம் தீட்டுவதானால் கோடு நிறமி மையில் இருக்க வேண்டும். 1982இல் ஜப்பானின் சகுரா நிறுவனம் கொண்டுவந்த பிக்மா மைக்ரான் வகைப் பேனாக்கள் அதனால்தான் இத்தனை பரவின. மெழுகுக் குச்சி பூசிய இடத்தின்மேல் ஊற்றுப்பேனாவை ஓட்டக் கூடாது, நிப் அடைத்துக்கொள்ளும். கரையாமல் விட்ட மெழுகு எதிர்ப்பக்கத்தில் ஒட்டும் என்பதால், இடையில் பட்டர் பேப்பர் வைப்பது வழக்கம்.

துணியில்

பருத்தித் துணியும் செல்லுலோஸ்தான். பருத்தி இழையைக் கூழாக்கிச் செய்வதே நல்ல ஓவியத் தாள் என்பதால் இரண்டும் ஒரே பொருளின் இரு வடிவம் என்றே சொல்லலாம். வேறுபாடு பசையில் இருக்கிறது. தாளில் தண்ணீரை நிறுத்திவைத்த பசை துவைத்த துணியில் இல்லை. நூலுக்கு நூல் இருக்கும் நுண்ணிய இடைவெளிகள் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலத் தண்ணீரை இழுக்கின்றன. கூடவே நிறமும் போகிறது. பாவு நூல் வழியே ஒரு கிளை, ஊடை நூல் வழியே ஒரு கிளை என்று வட்டமாக வரைந்தது சிலுவையாக நீள்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

அப்படியானால் துவைக்காத புதுத் துணியிலேயே வரைந்துவிடலாமே என்று தோன்றும். மில் துணியில் நெசவுக்காகப் பாவுக்குக் கஞ்சி போட்டிருப்பார்கள். ஒரே காடாத் துணியில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை மட்டும் துவைத்துக் காயவைத்து, இரண்டிலும் ஒரே குச்சியால் ஒரு இலை வரைந்து நனைத்துப் பாருங்கள். துவைக்காத துண்டில் துளி முத்துப் போல நின்று, மெல்ல இறங்கும். இலையின் ஓரம் கூர்மையாக இருக்கும். துவைத்ததில் ஓரம் கலங்கிவிடும். முதலாவதே நல்லது என்று நினைக்கும்போதே ஒரு சிக்கல். நிறம் ஒட்டியிருப்பது கஞ்சியில், நூலில் அல்ல. முதல் சலவையில் கஞ்சி போகும்போது இலையும் வெளுத்துப் போகும். ஆகவே கஞ்சியைப் போக்கிவிட்டு, பரவலை வேறு வழியில் தடுக்க வேண்டும்.

இது பழைய பிரச்சினை. பழைய விடைகளும் இருக்கின்றன. ஸ்ரீகாளஹஸ்தியின் கலம்காரித் துணி ஓவியத்தில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் துணியை ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். கடுக்காய், நிறம் பற்றிக்கொள்ள உதவுகிறது. பாலின் கொழுப்பு, கலம் என்ற எழுதுகோலிலிருந்து இறங்கும் சாயம் ஓடாமல் பிடித்துக்கொள்கிறது. ஜப்பானில் ஒகினாவாவின் பிங்காட்டா துணிகளுக்கு நிறமியைச் சோயாப் பாலில் குழைக்கிறார்கள். அதன் புரதம் காய்ந்து நிறமியை நூலோடு கட்டுகிறது.

வண்ணக் குச்சியால் வரைபவர்கள் கண்ட விடை, தண்ணீருக்குப் பதில் ஜெல். கடைகளில் விற்கும் நிறமற்ற கற்றாழை ஜெல்லைத் தூரிகையில் எடுத்துக் கோட்டின்மேல் தடவினால், ஈரம் இருக்கும் இடத்திலேயே இருக்கும். நிறம் கரையும், ஓடாது. துணிமேல் படம் வரைந்து தைப்பவர்களிடையே இன்க்டென்ஸோடு இது பரவலான வழக்கம். கற்றாழை ஜெல் பசையல்ல என்பதை மறக்கக் கூடாது. அது பரவலைத் தடுக்கும், அவ்வளவுதான். நிறம் நிலைப்பது இன்க்டென்ஸின் சொந்தக் குணத்தால். நியோகலர் 2க்கு அந்தக் குணம் இல்லாததால், கற்றாழை போட்டு வரைந்த படம் சலவையில் நிச்சயம் போய்விடும். அதற்கு டெக்ஸ்டைல் மீடியம் என்று விற்கப்படும், அக்ரிலிக் பசை கொண்ட திரவம் வேண்டும். கரைக்கும் வேலையையும் ஒட்டவைக்கும் வேலையையும் அதுவே செய்யும். பட்டு, பருத்தி இரண்டிலும் இது எடுக்கும். பட்டில் நிறம் இன்னும் வேகமாக ஓடும் என்பதால் கை பழகும்வரை பருத்தியே நல்லது. தண்ணீரை உறிஞ்சாத பாலியஸ்டரில் மெனக்கெட வேண்டாம்.

வேலை முறை இது. துணியை வெந்நீரில் சோப்புப் போட்டு அலச வேண்டும். மிருதுவாக்கும் திரவம் கூடாது, அது நூலின்மேல் படலம் விட்டுவிடும். காய்ந்ததும் இஸ்திரி போட்டு, எம்பிராய்டரி வளையத்திலோ அட்டையிலோ இழுத்துக் கட்டி, காய்ந்த குச்சியால் வரைய வேண்டும். தாளைவிட அழுத்தி வரைய வேண்டும். துணி நிறைய விழுங்கும். ஜெல்லோ மீடியமோ எடுத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்தி, ஓரத்துக்கு ஒரு நூல் முன்னதாகவே நிறுத்திவிட்டால் மிச்சத் தூரத்தை நிறம் தானே நடந்துகொள்ளும். ஒவ்வொரு துகளும் முழுதாகக் கரைந்ததா என்று பார்க்க வேண்டும். இன்க்டென்ஸில் கரையாமல் தங்கிய துகள், நிலைபெறாத துகள். அடுத்த முறை துணி நனையும்போது அதுதான் பக்கத்து வெள்ளையில் கறையாக இறங்கும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பின்பக்கத்திலிருந்து நீராவி இல்லாமல் இஸ்திரி போட வேண்டும். மெழுகு இருந்தால் இடையில் ஒரு வெள்ளைத் தாள் வைப்பது அவசியம்.

இத்தனை செய்தாலும் இது சாயம் ஆகிவிடாது. 1956இல் பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த புரோசியன் வகை ரியாக்டிவ் சாயங்கள் செல்லுலோஸோடு வேதிப்பிணைப்பால் சேர்ந்துகொள்பவை. இழையின் பகுதியாகவே ஆகிவிடுகின்றன. நிறமியோ பசையின் தயவில் இழைமேல் உட்கார்ந்திருக்கிறது. உரசலில் பசை தேயத் தேய நிறமும் தேயும். சுவரில் தொங்கும் துணிப்படம், மெத்தை விரிப்பில் தைத்த ஒரு சதுரம், கைப்பையின் முகப்பு ஆகியவற்றுக்கு இது அருமையான சாதனம். வாரம் இருமுறை துவைக்கும் சட்டைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒளியும் காலமும்

மூடிய ஸ்கெட்ச்புக்கில் நிறம் பல்லாண்டு இருக்கும். சுவரில் மாட்டினால் கதை வேறு. பளீரென்ற இளஞ்சிவப்புகளும் சில ஊதாக்களும் முதலில் வெளுக்கும். மண் நிறங்கள் அசையா. நல்ல தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒளி தாங்கும் தரத்தை நட்சத்திரங்களாலோ எண்களாலோ குறிக்கிறார்கள். எண்ணாகக் குறிக்கும்போது பெரும்பாலும் நீலக் கம்பளி அளவுகோல் பயன்படும். வெவ்வேறு வேகத்தில் வெளுக்கும் 8 நீலக் கம்பளித் துண்டுகளோடு நிறத்தை ஒப்பிடும் முறை அது. 8 என்றால் மிக உறுதி. மாட்டிவைக்கப் போகும் படத்துக்கு இதைப் பார்த்து வாங்குவது பணத்தை மிச்சப்படுத்தும். வீட்டிலேயே சோதிப்பதும் சுலபம். ஒரு பட்டையில் எல்லா நிறங்களையும் பூசி, பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, தெற்குப் பார்த்த ஜன்னலில் 3 மாதம் ஒட்டிவையுங்கள். அட்டையை எடுக்கும்போது எந்த நிறத்தில் நடுக்கோடு தெரிகிறதோ, அந்த நிறத்தை ஸ்கெட்ச்புக்குக்கு மட்டும் ஒதுக்கிவிடலாம்.

காய்ந்தபின்னும் மறுபடி கரையும் நியோகலர் 2 போன்ற குச்சிகளானால், பிடிக்க முடியாத அளவு குறுகிய துண்டுகளையும் எறிய வேண்டியதில்லை. நிறவாரியாகப் பிரித்துச் சிறு கிண்ணங்களில் இட்டு, இரண்டு மூன்று சொட்டு வெந்நீர் விட்டுக் குழைத்துக் காயவைத்தால், அடுத்த பயணத்துக்கு ஒரு வண்ணப் பெட்டி தயார்.