சின்னச் சிவப்புக் கப்பல்

1969-ஆம் ஆண்டு பின்லாந்தின் ஊசிகௌபுங்கி நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில் ஒரு சிவப்புக் கப்பல் கட்டி முடிக்கப்பட்டது. நீளம் 73 மீட்டர். ஏறத்தாழ நூறு பயணிகளுக்கு இடம். நீச்சல் குளமும் நடன அரங்கும் கொண்ட உல்லாசக் கப்பல்களோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் அதன் உடல் பனிக்கட்டி மிதக்கும் கடலுக்கென்றே உறுதியாகக் கட்டப்பட்டிருந்தது. ஆழம் குறைந்த நீரிலும் கரையை ஒட்டிப் போகக்கூடியது. பெயர் 'லிண்ட்பிளாட் எக்ஸ்ப்ளோரர்'. பின்னாளில் கடலோடிகளும் பயணிகளும் அதைச் செல்லமாக அழைத்தது சின்னச் சிவப்புக் கப்பல் என்று.

துருவக் கடலுக்குச் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப்போவதற்கென்றே கட்டப்பட்ட முதல் கப்பல் அதுதான். இன்று தென் துருவத்துக்கும் வட துருவத்துக்கும் போகிற நூற்றுக்கணக்கான பயணத் திட்டங்கள், பழைய சாகசப் பயணிகளின் சுவடுகளையும் பெங்குவின் கூட்டங்களையும் ஒரே விளம்பரத்தில் காட்டுகின்றனவே, அந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தது இந்தக் கப்பல்.

கட்டச் சொன்னவர் லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட். ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிப் பயண நிறுவனம் நடத்தியவர். 1966-இல் அர்ஜென்டினா கடற்படையின் 'லபடாயா' கப்பலை வாடகைக்கு எடுத்து, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை அண்டார்க்டிகாவுக்குக் கூட்டிப்போனார். அதற்கு முன்பே, 1950-களின் கடைசியில், அர்ஜென்டினாவும் சிலியும் பயணிகளை அந்தப் பக்கம் ஏற்றிச் சென்றதுண்டு. ஆகவே முதலில் போனவர் என்ற பெருமை அவருக்கு இல்லை. அவர் செய்த புதுமை வேறு. கப்பலிலேயே பறவை ஆய்வாளரையும் வரலாறு தெரிந்தவரையும் ஏற்றினார். மாலையில் பாடம், காலையில் கரை. பயணி காசு கொடுத்து வந்த விருந்தாளி என்றாலும் கப்பலில் அவர் மாணவர்தான்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வாய்த்த ஆசிரியர்களைப் பாருங்கள். பீட்டர் ஸ்காட் என்பவர் உலக வனவிலங்கு நிதியத்தை நிறுவியவர்களில் ஒருவர். அதன் பாண்டா சின்னத்தை வரைந்தவர். அவருடைய தந்தை ராபர்ட் ஃபால்கன் ஸ்காட், 1912-இல் தென் துருவத்தை எட்டிவிட்டுத் திரும்பும் வழியில் கூடாரத்துக்குள் பட்டினியாலும் குளிராலும் இறந்தவர். சாகும் தறுவாயில் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், முடிந்தால் பையனுக்கு இயற்கை வரலாற்றில் ஆர்வம் உண்டாக்கு என்று கேட்டுக்கொண்டார் அவர். அந்தப் பையன் வளர்ந்து பறவை அறிஞராகி, தந்தை உயிர்விட்ட கண்டத்துக்கே இந்தக் கப்பலில் பயணிகளோடு வந்தார். இன்னொருவர் ஓவியர் கீத் ஷாக்கிள்டன்; 'எண்ட்யூரன்ஸ்' கப்பலைப் பனியில் இழந்தும் தன் ஆட்களை உயிரோடு மீட்ட எர்னஸ்ட் ஷாக்கிள்டனின் உறவினர். அமெரிக்கப் பறவைக் கையேடுகளால் புகழ்பெற்ற ரோஜர் டோரி பீட்டர்சனும் வந்திருக்கிறார். வரலாறும் உயிரினமும் இந்தக் கப்பலில் ஒட்டுப்போட்டுச் சேர்க்கப்பட்டவை அல்ல. ஒரே குடும்பத்தின் இரண்டு தலைமுறைகளாகவே அவை வந்து ஏறின.

கரையிறங்குவதற்கு 'சோடியாக்' என்ற காற்றடைத்த ரப்பர் படகுகள் இருந்தன. படகுத்துறை எதுவும் இல்லாத கரையில் பத்துப் பதினைந்து பேரை இறக்கிவிட்டு, பாறையில் மோதினாலும் தாங்கிக்கொண்டு திரும்பும். துருவச் சுற்றுலாவின் கைகால் இன்றும் இந்தப் படகுதான். அதில் போய் இறங்கியவர்கள் அடிலி பெங்குவின்கள் கூழாங்கல் பொறுக்கிக் கூடு கட்டுவதைப் பார்த்தார்கள். கரையில் கிடந்து தூங்கும் யானைச் சீல்களைக் கண்டார்கள். முன்னே போனவர்கள் விட்டுச்சென்ற மரக் குடில்களுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

கடல் இவர்களிடம் தாட்சண்யம் காட்டவில்லை. 1972 பிப்ரவரியில் கிங் ஜார்ஜ் தீவருகே கப்பல் பாறையில் தரைதட்டியது. லிண்ட்பிளாட் உட்பட எல்லோரையும் சிலியின் கடற்படைக் கப்பல் வந்து மீட்டது. பழுதான கப்பலை முதலில் புவனஸ் அயர்ஸுக்கும் பிறகு நார்வேக்கும் இழுத்துப்போய்ச் சரிசெய்தார்கள். 1979 கிறிஸ்துமஸ் நாளில் வீங்கே தீவருகே மறுபடியும் தரைதட்டியது. மறுபடியும் அதே சிலிக் கப்பல் வந்தது. அதன் பெயர் 'பிலோட்டோ பார்டோ'. 1916-இல் எலிஃபண்ட் தீவில் சிக்கியிருந்த ஷாக்கிள்டனின் ஆட்களை மீட்ட சிலி மாலுமி லூயிஸ் பார்டோவின் பெயர் அது. பயணிகள் பாடமாகக் கேட்ட வரலாறு அவர்களையே படகில் ஏற்றிக்கொண்டு போனது.

இந்தக் கப்பலின் வாழ்வில் உச்சம் 1984. அட்லாண்டிக்கிலிருந்து கனடாவின் வடக்குத் தீவுகளுக்கிடையே புகுந்து பசிபிக்கை அடையும் வடமேற்குப் பாதையைக் கடந்த முதல் பயணிகள் கப்பல் இது. அந்தப் பாதைக்காக 1845-இல் புறப்பட்ட ஜான் ஃபிராங்க்ளினின் இரண்டு கப்பல்களும் 129 ஆட்களும் திரும்பவே இல்லை. அந்தக் கப்பல்களின் சிதைவுகள் 2014-இலும் 2016-இலும்தான் கடலடியில் கிடைத்தன. நார்வேயின் ரோல்ட் அமுண்ட்சென் 1903 முதல் 1906 வரை மூன்று ஆண்டுகள் போராடி அந்தப் பாதையை முதன்முதலில் கடந்தார். அதே நீர்வழியில் சிவப்புக் கப்பல் சுற்றுலாப் பயணிகளோடு போய் ஜப்பானின் யோகோஹாமாவில் கரைசேர்ந்தது. இப்போதும் அவ்வழி போகும் பயணக் கப்பல்கள் பீச்சி தீவில் நின்று, ஃபிராங்க்ளினின் ஆட்கள் மூவருடைய கல்லறைகளைக் காட்டிவிட்டுத்தான் நகர்கின்றன.

பிறகு கை மாறியது. 1985-இல் 'சொசைட்டி எக்ஸ்ப்ளோரர்', 1992-இல் வெறும் 'எக்ஸ்ப்ளோரர்'. 1989-இல் அர்ஜென்டினாவின் 'பாயியா பரைசோ' என்ற சரக்குக் கப்பல் அன்வெர்ஸ் தீவருகே பாறையில் மோதி, லட்சக்கணக்கான லிட்டர் டீசலைக் கடலில் கொட்டியபோது, அதிலிருந்தவர்களைக் காப்பாற்ற உதவியது இதுதான். இரண்டு முறை காப்பாற்றப்பட்ட கப்பல் ஒரு முறை கடனைத் தீர்த்தது.

2007 நவம்பர் 11. அர்ஜென்டினாவின் தென்கோடியான உசுவாயாவிலிருந்து கடைசிப் பயணம் கிளம்பியது. பயணத்துக்கு வைத்த பெயரே ஷாக்கிள்டனைக் குறித்தது. ஃபாக்லாந்து தீவுகள், தெற்கு ஜார்ஜியா, அண்டார்க்டிக் தீபகற்பம் என்பது வழி. தெற்கு ஜார்ஜியாவில் லட்சக்கணக்கான அரச பெங்குவின்கள் உண்டு. ஒரு காலத்தில் திமிங்கலங்களை அறுத்து எண்ணெய் காய்ச்சிய கிரிட்விக்கன் என்ற கைவிடப்பட்ட ஆலை ஊரும் உண்டு. 1922-இல் இறந்த ஷாக்கிள்டன் அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார். வருகிறவர்கள் அவர் கல்லறை முன் விஸ்கிக் கோப்பையை உயர்த்துவது வழக்கம்.

நவம்பர் 23 நள்ளிரவு கடந்து, பிரான்ஸ்ஃபீல்டு நீரிணையில் கப்பல் பனிக்கட்டியில் மோதியது. 91 பயணிகள், 9 வழிகாட்டிகள், 54 பணியாளர்கள், மொத்தம் 154 பேர். தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது, மின்சாரம் போயிற்று. எல்லோரும் உயிர்காப்புப் படகுகளிலும் சோடியாக்குகளிலும் இறங்கினார்கள். சில படகுகளின் இயந்திரங்கள் கிளம்பவில்லை. பல மணி நேரம் அந்தக் குளிரில் மிதந்தார்கள். நார்வேயின் 'நோர்நோர்கே' என்ற பயணிகள் கப்பல் வந்து அத்தனை பேரையும் ஏற்றியது. முதல் விபத்து நடந்த அதே கிங் ஜார்ஜ் தீவில் இறக்கப்பட்டு, பின்னர் விமானத்தில் சிலிக்குப் போனார்கள். ஓர் உயிரும் போகவில்லை. அன்று கடல் அமைதியாக இருந்தது. காற்று வீசியிருந்தால் கணக்கு வேறாகியிருக்கும். கப்பல் மட்டும் அன்றே சாய்ந்து மூழ்கியது. அதோடு ஏறத்தாழ 1,80,000 லிட்டர் டீசலும் போயிற்று.

கப்பல் பதிவாகியிருந்த லைபீரியாவின் விசாரணை அறிக்கை 2009-இல் வெளிவந்தது. பால்டிக் கடல் பனியில் பழகிய கேப்டன், அண்டார்க்டிகாவின் பழைய, இறுகிய பனியின் தன்மையைத் தப்பாகக் கணித்துவிட்டார் என்றது அறிக்கை. கப்பலின் பக்கவாட்டில் சில மீட்டர் நீளத்துக்குக் கிழிசல் விழுந்திருக்கும் என்பது அதன் மதிப்பீடு. பனிக்கெனவே கட்டிய கப்பலைப் பனியே கிழித்தது. அண்டார்க்டிகாவின் வெட்டல் கடலில் ஷாக்கிள்டனின் எண்ட்யூரன்ஸையும் 1915-இல் பனிதான் நசுக்கியது. அதன் உடல் 2022-இல் 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது.

சிவப்புக் கப்பல் மூழ்கிய பிறகு விதிகள் இறுகின. 2009-இல் அண்டார்க்டிக் உடன்படிக்கை நாடுகள் கூடி, 500-க்கும் மேற்பட்ட பயணிகளைக் கொண்ட கப்பல் யாரையும் கரையிறக்கக் கூடாது, ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்று முடிவெடுத்தன. 2011 ஆகஸ்டில் அண்டார்க்டிகாவில் கனரக எரிஎண்ணெய்க்குத் தடை வந்தது. 2017-இல் துருவக் கடல்களில் ஓடும் கப்பல்களுக்கான தனிச் சட்டத் தொகுப்பு அமலானது. பெங்குவினிடமிருந்து ஐந்து மீட்டராவது விலகி நிற்க வேண்டும். இறங்குமுன் காலணியைக் கழுவ வேண்டும். பறவைக் காய்ச்சல் 2023-இல் தெற்கு ஜார்ஜியாவையும் 2024-இல் அண்டார்க்டிக் பெருநிலத்தையும் எட்டிய பிறகு, இந்தக் காலணி கழுவும் சடங்கின் அர்த்தம் எல்லோருக்கும் புரிந்திருக்கிறது. வடக்கே ஸ்வால்பார்டிலும் 2025 ஜனவரி முதல், பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் நுழைய முடியாது. பனிக்கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும்.

விதிகள் கூடின, கூட்டமும் கூடியது. 1990-களின் தொடக்கத்தில் அண்டார்க்டிகாவுக்கு ஓராண்டில் போன பயணிகள் ஏழாயிரத்துக்கும் குறைவு. 2023-24 பருவத்தில் அது 1,20,000-ஐத் தாண்டியது. நம் கொல்லிமலையில் வாழ்பவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. ஆடிப் பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் வரிசை கட்டி ஏறும்போது, மலையைப் பார்க்க வருகிறவர்களே மலைக்குச் சுமையாவதை அவர்கள் ஆண்டுதோறும் காண்கிறார்கள். தென் துருவத்தில் அந்தச் சுமையைத் தாங்க ஊரும் இல்லை, ஊராட்சியும் இல்லை.

இதில் இந்தியாவுக்கும் பங்குண்டு. 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து எஸ்.இசட். காசிம் தலைமையில் 21 பேர் 'போலார் சர்க்கிள்' என்ற நார்வே கப்பலில் கிளம்பி, 1982 ஜனவரி 9 அன்று அண்டார்க்டிகாவில் கால்வைத்தார்கள். 1983-இல் இந்தியா உடன்படிக்கையில் சேர்ந்தது. 2022-இல் இந்திய அண்டார்க்டிகா சட்டம் வந்தது. இந்தியாவிலிருந்து அங்கே போகும் பயணங்களுக்கு அனுமதி கட்டாயமாயிற்று. 2024 மே மாதம் உடன்படிக்கை நாடுகளின் 46-ஆவது கூட்டம் கொச்சியில் நடந்தபோது, சுற்றுலாவுக்கு முழுமையான ஒழுங்குமுறை வகுப்பது அதன் முக்கியப் பேச்சுகளில் ஒன்றாக இருந்தது. சின்னச் சிவப்புக் கப்பல் தொடங்கிவைத்த விவகாரம் நம் கரைக்கே வந்து சேர்ந்துவிட்டது.

கடலடியில் கிடக்கும் அந்தக் கப்பலைப் பற்றி என் தீர்ப்பு இதுதான்: லிண்ட்பிளாட் சரியாகவே தொடங்கினார். மனிதர் எங்கே இறந்தார்கள், உயிரினங்கள் அங்கே எப்படிப் பிழைக்கின்றன என்று இரண்டையும் சேர்த்துக் கற்றுக்கொண்டவர், அந்த இடத்துக்காக வாதாடுவார். ஆனால் பாடம் நடப்பது நூறு பேர் கொண்ட வகுப்பில்தான். ஆயிரம் பேரை ஏற்றிய கப்பலின் மேல்தளத்தில் நடப்பது வேடிக்கை.

வசதி படைத்த தமிழர்கள் இன்று இந்தப் பயணங்களுக்குப் பதிவுசெய்கிறார்கள். பல லட்ச ரூபாய் செலவாகிறது. பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். கப்பலில் மொத்தம் எத்தனை பயணிகள்? கரையில் ஒரே நேரத்தில் எத்தனை பேர்? பாடம் எடுக்க உயிரியலாளரும் வரலாறு தெரிந்தவரும் உண்டா? மூன்றுக்கும் நேரான பதில் கிடைக்காத கப்பலில் ஏறாதீர்கள்.