பாட்டி தைத்த தோட்டம்

பேரனுக்குத் தொப்புள்கொடிகூடக் காய்ந்திருக்காது. அதற்குள் பாட்டி அவனுடைய கல்யாணத்துக்குத் தைக்க ஆரம்பித்துவிடுவாள்.

ஜோக் இல்லை. நூறு, நூற்றைம்பது வருஷங்களுக்கு முந்தைய பஞ்சாபில் இது சகஜம். முரட்டுக் கதர்த் துணி, பளபளக்கும் பட்டு இழை, ஒரே ஒரு ஊசி. பையன் தவழ்ந்து, நடந்து, மீசை முளைத்து மாப்பிள்ளை ஆகும்வரை நேரம் இருக்கிறதே! அவன் கைப்பிடிக்கும் பெண் புகுந்த வீட்டுக்கு வரும்போது அவளுக்குப் போர்த்துவதற்கான துணி அது. அந்தப் பெண் யார், எந்த ஊர், ஏன், பிறந்துவிட்டாளா என்பதுகூடத் தெரியாது. அவளுக்கான பரிசு மட்டும் இங்கே தயாராகிக்கொண்டிருக்கும்.

இதற்கு ‘வரி தா பாக்’ என்று பெயர். வரி என்றதும் பதறாதீர்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு வைக்கும் சீரைத்தான் அங்கே வரி என்கிறார்கள். பாக் என்றால் தோட்டம். ஜாலியன்வாலா பாக்கில் வருகிறதே, அதே பாக். அடித்துணியின் ஒரு நூல்கூட வெளியே தெரியாதபடி முழுக்கப் பட்டால் நிரப்பினால் அது பாக். இடைவெளி விட்டுப் பூப்பூவாகத் தைத்தால் புல்காரி, அதாவது பூவேலை. பொதுவாக இரண்டையுமே புல்காரி என்று சொல்லிவிடுவது வழக்கம். 1766-ல் வாரிஸ் ஷா எழுதிய ‘ஹீர்’ காவியத்தில், கதாநாயகிக்குக் கொடுக்கப்படும் சீர்ப் பட்டியலில் புல்காரி இடம்பெற்றிருக்கிறது. அப்போதே அது பழகிப்போன சமாசாரம்.

பெண் குழந்தை பிறந்தாலும் பாட்டிக்கு ஓய்வில்லை. அம்மாவைப் பெற்ற பாட்டி, பேத்தியின் கல்யாணத்துக்காக ‘சோப்’ தைப்பாள். குளிக்கிற சோப்பு இல்லை. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், குளியலோடு சம்பந்தம் உண்டு! கல்யாணத்துக்கு முன்னால் மங்கள ஸ்நானம் முடித்து வரும் பெண்ணை இந்தத் துணியால்தான் சுற்றி அழைத்து வருவார்கள். சிவப்புத் துணி, பொன்மஞ்சள் பட்டு. இது உள்பக்கம், இது வெளிப்பக்கம் என்று பிரித்துச் சொல்லவே முடியாது. இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும்படி தைத்திருப்பார்கள். கல்யாணப் பந்தலில் அக்னியை வலம் வரும்போது வேறொரு புல்காரி. புருஷனுக்காக நோன்பு இருக்கும் கர்வா சௌத் அன்றைக்கும் புல்காரி. கடைசியில் அவள் கண்ணை மூடினால், அப்போதும் மேலே ஒரு புல்காரி. சீக்கியர், இந்து, முஸ்லிம் என்று மூன்று தரப்புப் பெண்களும் இந்த ஊசியைப் பிடித்திருக்கிறார்கள்.

இனி வேலை நடக்கிற விதத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

பருத்தி நூலை வீட்டிலேயே நூற்பார்கள். உள்ளூர் நெசவாளி நெய்து கொடுப்பார். அந்தத் தறியில் அகலம் கம்மி என்பதால் இரண்டு, மூன்று பட்டைகளைச் சேர்த்துத் தைத்தால்தான் ஒரு போர்வை அளவு வரும். செங்கல் சிவப்பில் சாயம் ஏற்றியாகிவிட்டதா? இனிமேல்தான் கூத்தே. தைப்பது துணியின் முன்பக்கத்தில் அல்ல, பின்பக்கத்தில்! மேலே என்ன தெரியப் போகிறதோ அதைப் பார்க்காமலேயே தைக்க வேண்டும். கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி கோடு போட்டு வைத்துக்கொள்வதும் கிடையாது. துணியின் இழைகளை எண்ணுவார்கள். மூன்று இழை விட்டு ஐந்து இழை எடுத்து, அடுத்த வரிசையில் ஒன்று தள்ளி... கணக்கு முழுக்க மண்டைக்குள்ளே. ஒரு இழை தப்பினால் அந்த வரிசையே கோணிக்கொள்ளும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண்கள் போட்ட கணக்கு இது.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. ‘பட்’ எனப்படும் அந்தப் பட்டு இழை முறுக்கப்படாதது. அதனால் நெடுக்காகத் தைத்த இடத்தில் வெளிச்சம் ஒரு விதமாகவும், குறுக்காகத் தைத்த இடத்தில் வேறு விதமாகவும் பட்டுத் தெறிக்கும். தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு இரண்டு, மூன்று நிறங்கள் இருப்பதாகத் தோன்றும். கிட்டே போய்ப் பார்த்தால் ஒரே மஞ்சள்தான். சிக்கனத்துக்குச் சிக்கனம், அழகுக்கு அழகு.

பட்டிண்டா பக்கத்துப் பெண்கள் பூவோடு நிற்கவில்லை. தயிர் கடையும் பெண், மல்யுத்தம் போடும் ஆட்கள், நகைநட்டு, மாடு, மயில் என்று கண்ணில் பட்டதையெல்லாம் துணியில் ஏற்றினார்கள். ஊருக்கு ரயில் வந்ததும் அதையும் தைத்துவிட்டார்கள், பெட்டியும் ஜன்னலுமாக! இந்த வகைக்கு ‘சைஞ்சி’ என்று பெயர். அந்தக் காலத்து பஞ்சாபை கலெக்டர்களின் ரிப்போர்ட்டில் படிப்பதைவிட இந்தத் துணிகளில் பார்ப்பது எனக்கு ருசியாக இருக்கிறது.

பல புல்காரிகளில் ஓர் ஓரத்தில் வேண்டுமென்றே ஒரு தப்பு இருக்கும். எல்லாம் மஞ்சளாக இருக்க, சம்பந்தமே இல்லாமல் ஒரு கறுப்புக் கட்டம். திருஷ்டி கழிக்கத்தான். குழந்தையின் கன்னத்தில் வைக்கிற மைப்பொட்டு மாதிரி.

இதற்கு ஒரு காஸ்ட் ஷீட் போட்டுப் பாருங்கள். பருத்தி வீட்டில் விளைந்தது. நெசவுக் கூலி, சாயக் கூலி கொஞ்சம். பட்டு மட்டும் வெளியிலிருந்து வரும். காஷ்மீர், ஆப்கானிஸ்தான், சீனா என்று எங்கிருந்தோ வந்து அமிர்தசரஸில் சாயம் ஏறி, தெரு வியாபாரியின் மூட்டையில் வாசலுக்கு வரும். சரி, தையல் கூலி? ஒரு பாக் முடிய ஒரு வருஷம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். மாட்டுக்குத் தீனி வைத்து, மாவு அரைத்து, ரொட்டி சுட்டு, வயலுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்த பிறகு கிடைக்கிற மத்தியானங்களில் போட்ட தையல். அந்தக் காலத்தில் இதற்கு யாரும் எதுவும் எழுதவில்லை. வசதியான வீடுகளில் கூலி கொடுத்துத் தைக்க வைத்தார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அந்தக் கட்டம் காலி.

முதலில் இதற்கு விலைச்சீட்டு ஒட்டியவர்கள் வெள்ளைக்காரர்கள். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய வீடுகளில் புல்காரி ஃபேஷன் ஆனது. ஜன்னல் திரைச்சீலைக்கும் சோபாவுக்கும் கேட்டார்கள். சீக்கிரம் வேண்டும், சல்லிசாக வேண்டும், அவர்கள் சொல்கிற நிறத்தில் வேண்டும். வியாபாரிகள் தலையாட்டினார்கள். தையல் நீண்டது, பூக்கள் குறைந்தன.

இதைப் பார்த்து வயிறெரிந்தவர் ஃப்ளோரா ஆனி ஸ்டீல். ஓர் ஆங்கிலேய ஐ.சி.எஸ். அதிகாரியின் மனைவி, பஞ்சாபில் சுமார் இருபது வருஷம் இருந்தவர், இந்தியாவில் குடித்தனம் நடத்த வரும் வெள்ளைக்கார மனைவிமார்களுக்குக் கையேடு எழுதியவர். 1888-ல் ‘ஜர்னல் ஆஃப் இந்தியன் ஆர்ட்’ பத்திரிகையில் புல்காரி பற்றி விரிவாக எழுதினார். கிராமத்து விவசாயப் பெண்கள் தங்களுக்காகத் தைத்ததை உச்சியில் வைத்துக் கொண்டாடியவர், ஐரோப்பியச் சந்தைக்காகத் தைத்ததை ஒரு பிடி பிடித்தார். அம்மையார் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தச் சந்தையை உருவாக்கியதே அவருடைய நாட்டு வரவேற்பறைகள்தான்!

பிறகு மில் துணி வந்தது. அதன் இழைகள் ரொம்பச் சன்னம். வெறும் கண்ணால் எண்ணித் தைக்க முடியாது. பாட்டிகள் பலர் ஊசியைக் கீழே வைத்தார்கள்.

அடுத்தது 1947. ஆகஸ்ட் 17-ம் தேதி எல்லைக்கோடு எதுவென்று அறிவித்தார்கள். பஞ்சாப் இரண்டாகப் பிளந்தது. இந்தியப் பிரிவினையில் வீடு வாசலை விட்டுக் கிளம்பியவர்கள் ஒரு கோடிக்கும் அதிகம். கையில் எதை எடுப்பது? நகையா, பத்திரமா, பாத்திரமா? வருஷக்கணக்காகத் தைத்துப் பெட்டியில் பூட்டி வைத்த துணிகளைப் பெட்டியோடு விட்டுவிட்டு ஓடியவர்கள் ஏராளம்.

விடாதவர்களும் உண்டு. அமிர்தசரஸ் டவுன் ஹாலில் 2017-ல் திறக்கப்பட்ட பிரிவினை அருங்காட்சியகத்தில் ஒரு புல்காரி ஜாக்கெட் இருக்கிறது. பக்கத்தில் ஒரு தோல் பெட்டி. ஜாக்கெட்டுக்குச் சொந்தக்காரியான இளம் பெண் குஜ்ரன்வாலாவிலிருந்து, இரண்டு வயதுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு தப்பி வந்தவர். பையில் இந்த ஜாக்கெட். தோல் பெட்டிக்காரர் மியான்வாலியிலிருந்து வந்தவர். கலவரத்தில் அவருடைய சகோதரர்கள் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். பெட்டியில் படிப்புச் சான்றிதழ்களும் சொத்துப் பத்திரங்களும். கலவரத்துக்கு முன்பே இந்த இருவருக்கும் பெரியவர்கள் சம்பந்தம் பேசி வைத்திருந்தார்கள். அப்புறம் யார் எங்கே போனார்கள் என்றே தெரியாமல் போச்சு. அமிர்தசரஸ் அகதி முகாமில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது ஒருவரை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். 1948 மார்ச்சில் எளிமையாகக் கல்யாணம் நடந்தது.

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. அடுத்த சில பத்தாண்டுகளில் பழைய புல்காரிகள் வியாபாரிகளின் கைக்குப் போயின. டெல்லிக் கடைகளில் அவை துண்டு துண்டாக வெட்டப்பட்டு மெத்தைத் திண்டுக்கு உறை ஆயின. ஒரு பாட்டி பேரனுக்காக வருஷக்கணக்கில் போட்ட கணக்கின் நடுவில் கத்தரிக்கோல்.

இன்றைக்குப் பட்டியாலா, அதன் பக்கத்துத் திரிபுரி எல்லாம் புல்காரிக்குப் பேர் போன இடங்கள். 2010-11-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் இது வேறு புல்காரி. கதருக்குப் பதில் ஜார்ஜெட், ஷிஃபான். பட்டுக்குப் பதில் செயற்கை இழை. இழையை எண்ண வேண்டியதில்லை. அச்சுக் கட்டையால் பூவைப் பதித்துக்கொண்டு அதன் மேலேயே தைக்கலாம். மெஷினில் அடிப்பதும் ஏகப்பட்டது. கையால் தைக்கும் பெண்களுக்குப் பீஸ் கணக்கில் கூலி.

“பாசத்தோடு தைத்த காலம் போச்சே!” என்று புலம்புவது சுலபம். தைக்காதவர்களுக்கு ரொம்பச் சுலபம். வீட்டிலிருந்தபடியே மத்தியானத்தில் தைத்து நாலு காசு பார்க்கும் அம்மா, அந்தக் காசில் மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிறாள் என்றால், அதில் பாசம் எங்கே குறைந்துபோனது? எனக்குப் புரியவில்லை. கூலி போதவில்லையே என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. கூலி வாங்கலாமா என்பது கேள்வியே இல்லை. 2001 சென்ஸஸ், வீட்டு வேலை மட்டும் செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர்கள், சிறைக் கைதிகளோடு சேர்த்து ‘வேலை செய்யாதவர்’ கணக்கில் வைத்திருந்தது. ஒரு விபத்து நஷ்டஈட்டு வழக்கில் 2010-ல் சுப்ரீம் கோர்ட்டே இதைச் சுட்டிக்காட்டிக் கண்டித்தது. “வீட்டுல சும்மாதான் இருக்கா” என்று நாம் சொல்வதன் அரசாங்க மொழிபெயர்ப்பு!

திரிபுரியைச் சேர்ந்த லாஜ்வந்தி என்ற புல்காரிக் கலைஞருக்கு 2021-ம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஊசி பிடித்த ஒரு பெண்ணின் பெயர் அரசிதழ் வரை போனது. பழையவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2017-ல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகம், புல்காரிகளுக்கென்றே தனிக் கண்காட்சி நடத்தியது. அங்கே உள்ள பழைய பாக் ஒன்றின் விவரக் குறிப்பைப் பார்த்தால் பிரதேசம், காலம், துணி, இழை, நீள அகலம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். தைத்தவர் என்ற இடத்தில் மட்டும், ‘தெரியவில்லை’.